ஸ்டெப் எண்ண எது தோது: கைபேசியா, இடுப்புக் கருவியா, மணிக்கட்டு பேண்டா?

கைபேசியை பாக்கெட்டிலும், ஸ்டெப் எண்ணும் சிறு கருவியான பெடோமீட்டரை இடுப்பிலும், ஃபிட்னஸ் பேண்டை மணிக்கட்டிலும் வைத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க நடமாடினால், இரவில் மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். இந்தக் கருவிகளில் எதுவும் காலைப் பார்ப்பதில்லை. தான் இருக்கும் இடத்தில் உண்டாகும் அசைவை மட்டும் பார்த்து, இது நடையாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொன்றும் ஊகிக்கிறது. அதனால் கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். உங்கள் நடமாட்டத்தில் பெரும்பங்கு எப்படிப்பட்டது? அந்த நேரத்தில் கருவி உடம்பில் எங்கே இருக்கும்?

ஏற்கெனவே இருக்கும் கைபேசி

ஸ்டெப் எண்ணுவதற்கென்று தனிச் சிப் கைபேசிகளில் பரவலாக வரத் தொடங்கியது 2013இல். ஐஃபோன் 5எஸ்ஸில் எம்7 என்ற துணைச் சிப் வந்ததும், ஆண்ட்ராய்டு 4.4இல் ஸ்டெப் சென்சாருக்கு இடம் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். முக்கிய பிராசஸர் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் இந்தச் சிறு பகுதி மட்டும் விழித்திருந்து எண்ணும். ஆகவே எண்ணும் வேலையால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் இப்போது தேவையில்லை. ஜிபிஎஸ் போட்டு வரைபடத்தில் பாதை வரையும் செயலிகள்தான் பேட்டரியைக் குடிக்கும். ஸ்டெப் எண்ண ஜிபிஎஸ்ஸே வேண்டாம்.

கால்சட்டை பாக்கெட்டில் இறுக்கமாக இருக்கும் கைபேசி, சாதாரண வேகத்தில் தொடர்ந்து நடந்தால் நன்றாகவே எண்ணும். சிக்கல் வேறு இடத்தில். வீட்டில் இருக்கும்போது அது மேஜைமேல் கிடக்கிறது, சார்ஜில் தொங்குகிறது, அல்லது கைப்பையில் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் நடை கொஞ்சநஞ்சமல்ல. நாள் முழுக்க வீட்டுவேலையில் இருப்பவரின் கைபேசிக் கணக்கு, அவர் வெளியே போய்வந்த கணக்கு மட்டுமே.

இன்னொரு நுட்பமான குறையும் உண்டு. உட்கார்ந்து எழுவது, திரும்புவது போன்ற அசைவுகளை ஸ்டெப் என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, பல கருவிகள் சில நொடிகள் தொடர்ச்சியான தாளத்தைப் பார்த்த பிறகே எண்ணத் தொடங்கும். நீளமாக நடந்தால், அந்த முதல் சில ஸ்டெப்களையும் பின்னால் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஆறே ஸ்டெப் வைத்து நின்றுவிட்டால், அந்த ஆறும் கணக்கில் வராமலே போகலாம். ஒரு நாளில் இப்படி நூறு முறை போய்வந்தால் எவ்வளவு விட்டுப்போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு பெடோமீட்டர்களில் சிலவற்றிலும் இதே வடிகட்டி இருக்கிறது.

செயலி எதுவுமே எண்ணாமல் பூஜ்யத்தில் நின்றால், சென்சார் கெட்டுப்போனதாக முடிவு கட்டிவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் ‘உடல் செயல்பாடு’ என்ற அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு முறை செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடுவது இன்னொரு வழக்கமான காரணம். அமைப்புகளுக்குப் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினால் போதும். ஆண்ட்ராய்டு சென்சாரின் எண்ணிக்கை, கைபேசியை அணைத்துப் போட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். நல்ல செயலி தன் கணக்கைத் தனியே சேமித்து வைத்திருக்கும். சுமாரான செயலியில் அன்றைய நடை காணாமல் போகும்.

இடுப்பில் மாட்டும் பெடோமீட்டர்

பழைய சாமான் என்று பலர் ஒதுக்கும் இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதில் இரண்டு வகை. முதல் வகையைக் காதருகே வைத்து ஆட்டினால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். உள்ளே மெல்லிய சுருள்கம்பியில் தொங்கும் சிறு கரம் ஒன்று உண்டு. கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் இடுப்பு மேலும் கீழும் போவதால் அந்தக் கரம் ஆடி, மின்தொடுப்பைத் தொடும். தொட்டால் ஒன்று. அவ்வளவுதான்.

அந்தக் கரம் மேலும் கீழும் ஆட வேண்டுமென்றால் கருவி செங்குத்தாக நிற்க வேண்டும். வயிறு முன்னால் தள்ளியிருப்பவர் பெல்ட்டின் முன்பக்கம் மாட்டினால், கருவி சாய்ந்து வானத்தைப் பார்க்கும். கரத்தின் ஆட்டம் குறையும், எண்ணிக்கையும் குறையும். எடை கூடியவர்களுக்கு இந்த வகை குறைத்துக் காட்டுவது சோதனைகளில் நன்கு தெரிந்த விஷயம். முழங்காலின் நடுவுக்கு நேர்மேலே மாட்டுவது பொதுவான விதி. அங்கே சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் இரண்டாவது வகைக்குப் போவதே உத்தமம்.

இரண்டாவது வகையில் ஆடும் கரம் இல்லை, சத்தமும் இல்லை. அழுத்தத்துக்கு மின்சாரம் தரும் பீஸோ படிகமோ, மேல்-கீழ், முன்-பின், பக்கவாட்டு என்று மூன்று திசை அசைவையும் உணரும் மூன்று அச்சு முடுக்கமானியோ அந்த வேலையைச் செய்கிறது. மூன்று அச்சு என்றால் சாய்ந்தாலும் படுத்தாலும் கவலையில்லை, பாக்கெட்டில் போட்டாலும் எண்ணும். இப்போது புதிதாக வாங்குபவர் இதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் ‘3டி’ அல்லது ‘ட்ரை-ஆக்ஸிஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பானின் தொழில்தர விதி, பெடோமீட்டருக்கு 100 ஸ்டெப்பில் 3 வரைதான் பிழையை அனுமதிக்கிறது. நல்ல இடுப்புக் கருவி சாதாரண நடையில் அதற்குள் நிற்கும். மெதுவான நடையில் நிலைமை வேறு. மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கினால் இடுப்பின் ஏற்ற இறக்கம் மிகக் குறைந்துவிடும், சுருள்கம்பி வகை ஏராளமாகத் தவறவிடும். காலைத் தரையில் தேய்த்து நடக்கும் முதியவருக்கு இதைப் பரிசாக வாங்கிக் கொடுத்தால், அவர் பாடுபட்டு நடந்ததைக் கருவி பாதியாகக் காட்டி மனதை நோகடிக்கும்.

இதன் பெரிய பலம், கை என்ன செய்கிறது என்பது இதற்குத் தெரியாது என்பதே. தள்ளுவண்டியைப் பிடித்திருந்தாலும், இரு கையிலும் பை இருந்தாலும், குழந்தையைத் தூக்கியிருந்தாலும் எண்ணும். சட்டைப்பொத்தான் அளவு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, பல மாதம் வரும். சார்ஜ் போட மறந்தோம் என்ற பேச்சே இல்லை. பலவீனங்கள் அற்பமானவைபோலத் தெரியும், ஆனால் நடைமுறையில் அவைதான் கருவியைக் கொல்கின்றன. கழிப்பறையில் உடையைத் தளர்த்தும்போது நழுவி விழும். இதற்குப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். மூடி இல்லாத மாடலில் ரீசெட் பொத்தான் உடையில் அழுந்தி மாலைக்குள் எல்லாம் அழிந்துவிடும். நள்ளிரவில் தானே பூஜ்யமாகி, குறைந்தது 7 நாள் கணக்கை நினைவில் வைக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

மணிக்கட்டில் பேண்டும் வாட்சும்

மணிக்கட்டு பேண்டின் முதல் நன்மை, அது கழற்றப்படுவதில்லை. காலையில் மாட்ட மறப்பது, மேஜைமேல் விட்டுவிடுவது என்ற இரண்டு பெரிய ஓட்டைகளையும் அடைத்துவிடுகிறது. தீமையும் அங்கேயே இருக்கிறது. நடக்கும்போது கை வீசுகிறோம் என்ற நம்பிக்கையில் ஓடும் கருவி இது. டிராலி தள்ளினால், டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால், கால்சட்டை பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நடந்தால் கால் நடக்கும், எண்ணிக்கை நகராது. மறுபக்கம், பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, கைதட்டுவது என்று தாளத்தோடு வரும் எந்தக் கைவேலையும் உட்கார்ந்த இடத்திலேயே ஸ்டெப் சேர்க்கும்.

செயலியின் அமைப்பில் ‘எந்தக் கை’ என்ற கேள்வி இருக்கும். பலர் கண்டுகொள்வதில்லை. எழுதும் கையில் கட்டிக்கொண்டு மற்ற கை என்று குறித்திருந்தால் கணக்கு ஊதிப்போகும். அதிகம் வேலை செய்யாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, சுழலாத அளவு இறுக்கிக் கட்டுவது நல்லது. வாக்கரோ டிராலியோ பிடித்து நடப்பவர், மெல்ல நடப்பவர் ஆகியோருக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. நீளமான பட்டை வாங்கி, அதே கருவியைக் கணுக்காலில் கட்டலாம். மெதுவான நடையில் கணுக்கால் அசைவு தெளிவாக இருப்பதால் மணிக்கட்டைவிட அது சரியாக எண்ணும். இதயத் துடிப்பு காட்டுவதை மட்டும் அங்கே நம்ப முடியாது.

திரையும் இதயத் துடிப்பும் அறிவிப்புகளும் உள்ள ஸ்மார்ட் வாட்சை ஸ்டெப்புக்காக மட்டும் வாங்குவது அநாவசியச் செலவு. எண்ணும் திறனில் அது எளிய பேண்டைவிடப் பெரிதாக ஒன்றும் உசத்தி கிடையாது. பேட்டரிதான் உண்மையான வித்தியாசம். பல வாட்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் வேண்டும், எளிய பேண்டு ஒரு வாரமோ அதற்கு மேலோ தாங்கும். சார்ஜில் கிடக்கும் நேரத்து நடை போனது போனதுதான். குளிக்கும் நேரத்தையும் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தையும் அதற்கு ஒதுக்கினால் இழப்பு குறையும்.

பேண்டில் உண்மையிலேயே பயன்படும் அம்சம், உட்கார்ந்தே இருந்தால் அதிர்ந்து எழுப்பும் நினைவூட்டல். சில கருவிகள் மணிக்கு 250 ஸ்டெப் என்று வைத்திருக்கின்றன. இரண்டரை நிமிட நடை. நாளுக்கு எட்டு மணி நேரம் அதற்கு மட்டும் எழுந்தாலும் 2,000 சேர்ந்துவிடும்.

பயன்படாத அம்சம் கலோரி. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவை பரவாயில்லாமல் அளந்தன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவியின் சராசரிப் பிழையே 27 சதவீதம், மிக மோசமானதில் 93. அந்த எண்ணைப் பார்த்துக் கூடுதலாகச் சாப்பிடுபவர் ஏமாறுவார். பேண்டு கட்டினாலே எடை குறையும் என்ற நினைப்புக்கும் 2016இல் ஓர் அடி விழுந்தது. அமெரிக்காவில் 471 இளம் வயதினரை வைத்து இரண்டு ஆண்டு நடந்த சோதனையில், பேண்டு கட்டிய குழு சராசரியாக 3.5 கிலோ குறைந்தது. பேண்டு இல்லாமல் தாங்களே உடற்பயிற்சியைக் குறித்துவந்த குழு 5.9 கிலோ குறைந்தது.

நம்பும் முன் ஒரு சோதனை

எதை வாங்கினாலும் முதல் நாளே கால் மணி நேரம் செலவழியுங்கள். எப்போதும் வைக்கும் இடத்தில் கருவியை வைத்து, திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு எண்ணியபடி சமதரையில் சரியாக 100 ஸ்டெப் நடந்து நில்லுங்கள். உடனே பார்க்காதீர்கள், பல கருவிகள் சில நொடி தாமதித்தே எண்ணைப் புதுப்பிக்கும். 15 நொடி கழித்துப் பாருங்கள். 97க்கும் 103க்கும் இடையில் இருந்தால் அருமை, 95 முதல் 105 வரை ஏற்கலாம். அதைத் தாண்டினால் இடத்தை மாற்றி மறுபடி நடங்கள்.

பிறகு அதையே உங்கள் நிஜ வாழ்க்கைபோல் செய்து பாருங்கள். மெதுவாக 100, கையில் பையோடு 100, வீட்டுக்குள் எட்டு எட்டு ஸ்டெப்பாகப் பிரித்து நின்று நின்று 100. கடைசியாக, பத்து நிமிடம் உட்கார்ந்து கைவேலை பார்த்து எத்தனை சும்மா ஏறுகிறது என்று பாருங்கள். வண்டியில் போகும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் சுருள்கம்பி வகை தாராளமாக எண்ணும்.

தூரக் கணக்கு வேண்டுமானால் கருவி தரும் ஊகத்தை விட்டுவிட்டு நீங்களே அளந்து போடுங்கள். 20 ஸ்டெப் இயல்பாக நடந்து, தொடங்கிய குதிகாலிலிருந்து முடிந்த குதிகால் வரை அளந்து 20ஆல் வகுத்தால் உங்கள் ஒரு ஸ்டெப்பின் நீளம். உயரத்தின் 41 சதவீதம் என்பது உத்தேசக் கணக்கு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 68 செ.மீ., அதாவது 10,000 ஸ்டெப்புக்கு 6.8 கிலோமீட்டர்.

10,000 என்ற இலக்கா, உங்கள் சொந்த இலக்கா?

கருவியைவிட முக்கியமான தேர்வு இதுதான். 10,000 மருத்துவ ஆய்வில் பிறந்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த பெடோமீட்டரின் பெயர் ‘மான்போ-கேய்’. ‘பத்தாயிரம் ஸ்டெப் அளவி’ என்று பொருள். விளம்பரப் பெயர் அரை நூற்றாண்டு கழித்து உலகின் பல பேண்டுகளிலும் இலக்காக உட்கார்ந்திருக்கிறது.

அது தப்பான எண்ணும் இல்லை, பலருக்குத் தேவைக்கு மேலான எண். சராசரி வயது 72 ஆன பெண்கள் சுமார் 16,700 பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 ஸ்டெப் நடந்தவர்களின் இறப்பு விகிதம் 2,700 நடந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவு. 7,500 வரை பலன் கூடியது, அதற்கு மேல் சமமாகிவிட்டது. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் வந்த தொகுப்பு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000, இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 என்ற இடத்தில் பலன் மேலும் கூடாமல் நின்றுவிடுவதைக் காட்டியது. இவை நடந்தவர்களையும் நடக்காதவர்களையும் ஒப்பிட்ட கணக்குகள். நோயாளி குறைவாக நடப்பார் என்பதும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் ஒன்று தெளிவு: மிகக் குறைவாக நடப்பவர் கூட்டும் முதல் இரண்டாயிரம்தான் மதிப்புமிக்கது. 3,000இலிருந்து 5,000 போனவர், 10,000ஐ எட்டவில்லை என்று வருந்தி கருவியைக் கழற்றி வைத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

இலக்கே வைக்காமல் வெறுமனே எண்ணிப் பார்ப்பதும் பலன் தராது. பெடோமீட்டர் ஆய்வுகள் 26ஐத் தொகுத்து 2007இல் வந்த மதிப்பீட்டில், கருவி பயன்படுத்தியவர்களின் உடல் இயக்கம் முன்பைவிட 27 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. இலக்கு வைத்துக்கொண்டது அந்தக் கூடுதலுக்கு முக்கியக் காரணியாக இருந்தது.

ஆகவே முதல் வாரம் இலக்கு எதுவும் வேண்டாம். ஏழு நாளும், விடுமுறை நாள் உட்பட, வழக்கம்போல் இருந்து இரவில் எண்ணை மட்டும் எழுதுங்கள். பகலில் திரையைப் பார்க்காமல் இருப்பது நல்லது, பார்த்தாலே கால் கூடுதலாக நடக்கும். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் உங்கள் அடிப்படை. அது 3,800 என்றால் அடுத்த வாரம் 4,300 போதும். தினசரி எண்ணை விட்டு வாரச் சராசரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த நாளும் காய்ச்சல் வந்த நாளும் அப்போது பெரிதாகத் தெரியாது. வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ 500 முதல் 1,000 வரை கூட்டிக்கொண்டே போகலாம். 1,000 ஸ்டெப் என்பது சுமார் பத்து நிமிட நடை. ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்குபவருக்குக் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் குதிகாலிலும் வலி வந்து மூன்று வாரம் ஓய்வில் போய்விடும். இதய நோய் உள்ளவர்களும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

மொத்த எண் சொல்லாத ஒரு விஷயம் வேகம். நிமிடத்துக்கு 100 ஸ்டெப் என்பது மிதமான உழைப்பின் தொடக்கக் கோடு என்று பெரியவர்களுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். கருவிகூட வேண்டாம், 15 நொடியில் 25 எண்ண முடிந்தால் அந்த வேகத்தில் இருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. அரை மணியில் 3,000 ஸ்டெப் என்று ஐந்து நாள் நடந்தால் அது நிறைந்துவிடும். நிமிட வாரியாக வேகத்தைக் காட்டும் கருவி வேண்டுமென்றால் பேண்டுக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. சைக்கிளும் நீச்சலும் எந்தக் கருவியிலும் ஸ்டெப்பாக உருப்படியாகப் பதியாது. அவற்றை நிமிடக் கணக்கில் தனியே எழுதிவிடுங்கள்.

எங்கள் தேர்வு

வெளியே வேலைக்குப் போய்வருபவர், கைபேசி எப்போதும் பாக்கெட்டில் இருப்பவர் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு மாதம் கைபேசியிலேயே ஓட்டிப் பாருங்கள். வீட்டிலேயே நடமாட்டம், அல்லது கையில் சுமையும் டிராலியுமாக வேலை என்றால் மூன்று அச்சு இடுப்புக் கருவி. உடையில் இடுப்புப்பட்டையே இல்லாதவர், மாட்ட மறப்பவர், உட்கார்ந்தே வேலை செய்பவர் ஆகியோருக்கு எளிய பேண்டு. மிக மெதுவாக நடப்பவருக்குக் கணுக்கால். கைபேசியையும் பேண்டையும் சேர்த்து வைத்திருப்பவர், செயலியில் ஒரே ஒரு மூலத்தை மட்டும் ஸ்டெப் கணக்குக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் சில செயலிகள் ஒரே நடையை இரண்டு தரம் கூட்டிவிடும்.

பின்னாளில் கருவியை மாற்றினால், பழையதையும் புதியதையும் ஒரு வாரம் சேர்த்து அணியுங்கள். பழையது சராசரி 6,200 என்றும் புதியது 7,100 என்றும் சொன்னால் அந்த 900 நீங்கள் நடந்து சேர்த்ததில்லை. இலக்கையும் 900 தூக்கி வைத்துவிட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.